ஓட்டுக் கேட்காத கட்சி

“நாளைக்கு வருவேல்ல?”

கணக்கு மிஸ் அவளிடம் கேட்டது அவ்வளவுதான். மாடிப்படியில் நின்று, விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளை ஊதிக்கொண்டே கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு ஆட்டல். மிஸ் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார். மறுநாள் அவள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

காரணம் காய்ச்சல் இல்லை, கல்யாணம் இல்லை, காசில்லாத கொடுமையும் இல்லை. ஒரு கட்சி.

அவளுடைய அப்பா ஊர் எல்லையில் லாரி எடைமேடை வைத்திருந்தார். சரக்கு ஏற்றிய லாரி மேடைமேல் ஏறி நின்றால் பக்கத்து அறையின் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். அப்பா பெட்டியில் ஒளிரும் எண்ணைப் பார்த்துச் சீட்டுப் போட்டுக் கொடுப்பார். அந்தச் சாலையில் ஓடுகிற எந்த லாரிக்காரரும் அவர் சீட்டைச் சந்தேகப்பட்டதில்லை. ஊரில் அவருக்குப் பேரே எடைமேடைக்காரர்தான். நல்ல மனுஷன், நாணயமான மனுஷன். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையை வாங்குவதற்கு ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும் என்று லாரிக்காரர்கள் கேலி செய்வார்கள்.

“உங்கப்பா வாயத் தொறந்து தண்ணி கேட்டு நான் பாத்ததே இல்ல,” என்பாள் அம்மா. “தாகமெடுத்தா செம்பைப் பாப்பாரு. நாமதான் புரிஞ்சுக்கணும். என்னைக் கட்டிக்கிறேன்னுகூட வாயால கேக்கல. எங்க வீட்டுக்கு வந்து என்னையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. எங்கப்பா பயந்துபோய்க் குடுத்துட்டாரு.”

கேட்பது கேவலம் என்பது அப்பாவின் எண்ணம். தர வேண்டியவருக்குத் தானாகத் தெரிய வேண்டும்; தெரியாதவரிடம் கேட்டு என்ன பிரயோஜனம்? மகளும் அதே வார்ப்பு. வகுப்பில் பென்சில் முனை உடைந்தால் பக்கத்துப் பெண்ணிடம் துருவி கேட்க மாட்டாள். உடைந்த முனையாலேயே மணி அடிக்கும்வரை எழுதிக்கொண்டிருப்பாள். “ஒண்ணுக்கு ரெண்டா எனக்குன்னு வாச்சிருக்கு,” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவர்கள் ஊரில் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. மேலே படிக்க வேண்டுமென்றால் காலை முதல் பஸ்ஸில் பெரிய ஊருக்குப் போக வேண்டும். அவளுடைய அண்ணன் அந்த பஸ்ஸில்தான் போனான். போனவன் நன்றாகப் படித்தான், நல்ல வேலைக்குப் போனான், கடல் தாண்டிப் போனான். முதலில் வாராவாரம் பேசினான். பிறகு மாதத்துக்கு ஒரு தடவை. பிறகு அவன் பேசினால் அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வருகிற அளவுக்கு அது அபூர்வமாகிவிட்டது. அப்பா அவனை வா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சாயங்கால பஸ் வருகிற நேரத்தில் மேடை வாசலில் வந்து நிற்பார். பஸ் போனதும் உள்ளே போய்விடுவார். அவ்வளவுதான்.

அந்த ஏக்கத்தில் பிறந்ததுதான் நம்மூர் மரபுக் கட்சி. அப்பா, மரக்கடைக்காரர், அம்மாவின் தம்பியான வக்கீல் மாமா, மூன்று பேரும் எடைமேடை அறையில் உட்கார்ந்து ஆரம்பித்தார்கள். தலைநகரத்தில் இருக்கிறவர்கள் நம் தெருவுக்கு எது நல்லது என்று தீர்மானிக்கக் கூடாது. சின்னக் கடைகள் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு மரியாதை இருக்க வேண்டும். குடும்பம் ஒரே ஊரில் இருக்க வேண்டும். இதெல்லாம் கொள்கை. அறிக்கையின் முதல் வரி பள்ளிக்கூடத்தைப் பற்றியது: நம் பிள்ளைகள் நம் ஊரிலேயே கடைசி வகுப்புவரை படிக்க வேண்டும், அதுவரை அவர்களை வெளியூருக்கு அனுப்புவதில்லை.

சின்னம் கதவு. திறந்த கதவா, மூடிய கதவா என்று ஒரு மாதம் சண்டை நடந்தது.

“தொறந்து வெச்சா எவன் வேணாலும் உள்ள வரலாம்னு ஆயிடும்,” என்றார் மரக்கடைக்காரர்.

“மூடி வெச்சா வீட்ல ஆள் இல்லன்னு போயிடுவான்,” என்றார் வக்கீல் மாமா.

“ரெண்டும் வேணாம், ஜன்னல் போடுங்க. எட்டியாவது பாக்கலாம்,” என்றாள் டீ கொண்டுவந்த அம்மா.

கடைசியில் ஒருக்களித்த கதவு என்று முடிவாயிற்று. மரக்கடைக்காரரே நல்ல பலகையில் செதுக்கிப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தார். எடைமேடை அறைக்கு மேலே பலகையை மாட்டினார்கள். அடுத்த லாரி ஏறியதும் கண்ணாடியோடு சேர்ந்து அதுவும் ஆடியது.

முதல் தெருமுனைக் கூட்டத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. அப்பா எழுதி வைத்திருந்ததைத் தட்டுத் தடுமாறிப் படித்து முடித்தார். கூட்டத்தின் பின்னாலிருந்து சைக்கிள் கடைக்காரன் குரல் கொடுத்தான்.

“அண்ணே, எல்லாம் சரி. உங்க பொண்ணு காலைல மொத பஸ்ல எங்க போவுது? காத்து வாங்கவா?”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அப்பா மைக்கைப் பார்த்தார். மைக்குக்கு எதுவும் தெரியாது.

“நாளன்னைலேருந்து போகாது,” என்றார்.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். சைக்கிள் கடைக்காரனும் தட்டினான். “அத்தான், ஒத்த வார்த்தையில கட்சிய தூக்கி நிறுத்திட்டீங்க,” என்று வக்கீல் மாமா அப்பாவைக் கட்டிக்கொண்டார். அவளும் தட்டினாள். எல்லாரும் தட்டும்போது ஒருத்தி மட்டும் சும்மா நின்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயம். மறுநாள் கடைசியாகப் பள்ளிக்கூடம் போனாள். சேதி அவளுக்கு முன்னாலேயே பஸ் ஏறிப் போய்விட்டிருந்தது. மாடிப்படியில் மிஸ் மறித்துக் கேட்டது அதனால்தான்.

அன்று சாயங்காலம் அப்பா ஆணியில் தொங்கிய அவள் பையைப் பார்த்தார். அவள் புரிந்துகொண்டு எடுத்துப் பரண்மேல் வைத்தாள். வைத்துவிட்டு இறங்கியபோது அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார்: “ஜெயிச்சதும் மொத காரியம் பள்ளிக்கூடந்தான். நம்மூர்லயே வந்துடும். மொத பெஞ்சு உனக்கு.”

அப்பா அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. அந்த மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டு அவள் காத்திருக்கத் தொடங்கினாள்.

காத்திருந்த நேரத்தில் பசை காய்ச்சினாள். கட்சிக்கு போஸ்டர் ஒட்ட ஆள் இருந்தது, பசை காய்ச்ச ஆள் இல்லை. மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் மெல்ல ஊற்றி, அடிபிடிக்காமல் துழாவ வேண்டும். இறக்குமுன் பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம். “அந்தச் சட்டிய அடுப்படிப் பக்கம் கொண்டாந்துடாதடி. கட்சி வயித்துக்குள்ள போயிடப் போவுது,” என்று அம்மா கொல்லையிலேயே தனி அடுப்பு மூட்டிக் கொடுத்தாள். மரக்கடைக்காரர் அவளுக்குப் பசை என்றே பேர் வைத்துவிட்டார். “எங்கடா நம்ம பசை? அவ இல்லன்னா கட்சி செவுத்துல நிக்காது!” வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்து வருகைப்பதிவில் இருந்த பேர் வீட்டில்கூட மறந்துபோயிற்று.

மற்ற நேரங்களில் எடைமேடை ஜன்னலில் உட்கார்ந்தாள். லாரி வராதபோது பாழான சீட்டுகளின் பின்பக்கத்தில் பழைய கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பாள். காலையில் முதல் பஸ் மேடையை ஒட்டிப் போகும். ஆரம்பத்தில் ஜன்னலோரப் பெண்கள் கையசைத்தார்கள். போகப்போக அந்த ஜன்னல்களில் தெரியாத முகங்களாக வந்தன.

தேர்தல் வந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கக் கட்சி ஆள் நிறுத்தியது. யாரும் தனக்கென்று இடம் கேட்கக் கூடாது, மற்றவர்கள் கேட்டுக்கொண்டால்தான் நிற்கலாம் என்று விதி. அப்பாவைத் தவிர எல்லாரையும் யாராவது ஒருவர் நிற்கச் சொன்னார்கள். தலைவர்தான் நிற்பார், தானே சொல்வார் என்று அவர்கள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது கேட்கட்டும் என்று அப்பா அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனு கொடுக்கும் நாள் முடிந்துபோயிற்று.

ஓட்டுக் கேட்கவும் கூடாது. இது அப்பாவின் பிடிவாதம். வீடு வீடாகப் போவார்கள், வணக்கம் வைப்பார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்கள், திரும்பிவிடுவார்கள். ஒரு வீட்டில் அந்த அம்மாள் வாசல்வரை ஓடிவந்து கேட்டாள்.

“வந்தீங்க, நின்னீங்க, போறீங்க. எதுக்கு வந்தீங்கன்னு சொல்லவே இல்லையே?”

“சும்மா பாத்துட்டுப் போலாம்னும்மா,” என்றார் மரக்கடைக்காரர்.

“கடன் குடுத்தவன்கூட இப்படி வந்து நின்னதில்ல சாமி. பயமா இருக்கு!”

ஊர் சிரித்தது. சிரித்துக்கொண்டே ஓட்டுப் போட்டது. ஒலிபெருக்கி வைத்துக் காதைக் கிழித்தவர்களுக்கு நடுவே, கதவைத் தட்டி நலம் விசாரித்துவிட்டுப் போன மனிதர்கள் ஜனங்களுக்குப் புதிதாக இருந்தார்கள். ஆறு பேர் ஜெயித்தார்கள். மரக்கடைக்காரர் ஜெயித்தார். வக்கீல் மாமாவும் ஜெயித்தார். அதைவிடப் பெரிய விசேஷம், தலைநகரத்தில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அந்த ஆறு பேர் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம் ஆட்சி.

பெரிய கட்சியின் தலைவரே கிளம்பி வந்தார். அவருடைய கார் வந்து நின்றது எடைமேடைமேல். டிரைவருக்கு அது என்னவென்று தெரியவில்லை, நல்ல சமதளமாக இருக்கிறதே என்று நிறுத்திவிட்டார். ஜன்னலில் இருந்த அவள் பெட்டியில் ஏறிய எண்ணைப் பார்த்தாள். பழக்கதோஷம், மனதில் பதிந்துவிட்டது. பிறகு டீத்தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, டீயை வாங்கி, அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

“நேரா விஷயத்துக்கு வரேன். உங்களுக்கு என்ன வேணும்? கேளுங்க. இன்னைக்கு நீங்க எதக் கேட்டாலும் நான் தரவேண்டிய நிலைமைல இருக்கேன்.”

அவள் தட்டோடு அங்கேயே நின்றாள். ஒரு வார்த்தை. பள்ளிக்கூடம் என்று ஒரே ஒரு வார்த்தை. அவள் அப்பாவையே பார்த்தாள். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நாங்க கேட்டு வந்தவங்க இல்லீங்க. ஜனங்களுக்கு நல்லது செஞ்சா கூட நிப்போம்.”

கட்சிக்காரர்கள் தட்டிய தட்டில் ஜன்னல் கண்ணாடி லாரி வந்த மாதிரி ஆடியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் தட்டவில்லை. கையில் தட்டு இருந்தது.

தலைவருக்கு முகமெல்லாம் பல். எழுந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிவிட்டுக் கிளம்பினார். வழியனுப்ப வக்கீல் மாமா கூடவே போனார். அவள் ஜன்னலுக்குத் திரும்பி வந்தபோது கார்க் கதவுகள் சாத்தியிருந்தன. பெட்டியில் இருந்த எண், கார் வந்தபோது இருந்ததைவிட ஒரு ஆள் எடை கூடியிருந்தது.

அவள் வாசலைப் பார்த்தாள். மாமாவைக் காணோம்.

சொல்லலாமா என்று நினைத்தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, தலைவர் குடித்து வைத்த டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை அவள் கண்டதில்லை. சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு அம்மா ஆரம்பித்தாள்.

“வாயில ஒரு வார்த்த வரலையா? வீடு தேடி வந்து கேளுங்கறான். ஒரு பள்ளிக்கூடம்னு வரலையா?”

“அவங்களுக்குத் தெரியாதா? அறிக்கைல மொத வரியே அதான்.”

“அறிக்கைய யாரு படிச்சா? பசை தடவுன இவ படிச்சிருப்பா. வேற எவன் படிச்சான்?”

“நல்லவங்களா இருந்தா செய்வாங்க,” என்றார் அப்பா. செம்பைப் பார்த்தார். அன்று அம்மா எடுத்துக் கொடுக்கவில்லை. மகள்தான் கொடுத்தாள்.

வக்கீல் மாமா காரில் போகும்போது கேட்டிருக்க வேண்டும். அடுத்த வாரமே துணை மந்திரி ஆனார். “தம்பி, ஊருக்குப் பள்ளிக்கூடம்?” என்று அம்மா கேட்டதற்கு, “பாத்துக்கிட்டே இருக்கேன்க்கா,” என்றார். தன் மகளைத் தலைநகரத்து விடுதிப் பள்ளியில் சேர்த்தார். மரக்கடைக்காரரைத் தவிர மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பெரிய கட்சிக்குப் போனார்கள். அதையும் மரியாதையாகத்தான் செய்தார்கள். வந்து உட்காருவார்கள், டீ குடிப்பார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள், பலகையை ஒரு பார்வை பார்ப்பார்கள். அப்பா புரிந்துகொள்வார். மறுநாள் பேப்பரில் வரும். இரு என்று அப்பா யாரையும் கேட்கவில்லை. அவர் இரு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இருந்திருப்பேன் என்று அவர்களில் ஒருவர் பிற்பாடு டீக்கடையில் சொன்னாராம்.

ஆட்சி பாதியில் கவிழ்ந்து மறுபடி தேர்தல் வந்தது. கட்சி மறுபடி வீடு வீடாகப் போய் நலம் விசாரித்தது. இந்தத் தடவை ஜனங்கள் நலமாக இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நின்ற இடமெல்லாம் டெபாசிட் போயிற்று. “என்னண்ணே, ஒருக்களிச்ச கதவு சாத்திக்கிச்சா?” என்றான் சைக்கிள் கடைக்காரன். சொன்ன பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து, அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

பலகையைக் கழற்றக் கடைசிவரை இருந்தவர் மரக்கடைக்காரர் ஒருவர்தான். ஏணியில் நின்றுகொண்டு தட்டிப் பார்த்தார். “நல்ல மரம். வேற எதுக்காவது ஆகும்,” என்றார். பிறகு கீழே நின்ற அவளைப் பார்த்து, “பசை, உன் வேலையும் போச்சும்மா,” என்று சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. ஆணிகள் இருந்த இடத்தில் ஓட்டைகள் மட்டும் தெரிந்தன. சாயங்காலம் அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வீட்டுக்கு வந்து, பரணைப் பார்த்தார்.

அவள் முதலில் நம்பவில்லை. அம்மாதான், “ஏறி எடுடி,” என்றாள். பையில் எலி கடித்திருந்தது. அம்மா உட்கார்ந்து தைத்தாள்.

காலையில் அப்பா கூட்டங்களுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டார். முதல் பஸ்ஸில் போனார்கள். எடைமேடை ஜன்னலைப் பஸ் கடந்தபோது உள்ளே யாரும் இல்லாததை அவள் பார்த்தாள்.

கணக்கு மிஸ் இப்போது தலைமையாசிரியை. கண்ணாடி போட்டிருந்தார். இவர்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கையெழுத்துகளை முடித்தார். நிமிர்ந்தார்.

“சொல்லுங்க சார். என்ன வேணும்?”

அப்பா மிஸ்ஸைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். பிறகு மிஸ்ஸின் பின்னால் சுவரில் மாட்டியிருந்த வகுப்பு அட்டவணையைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்வை போன வழியில் மேஜைமேல் ஒரு தண்ணீர் டம்ளர் இருந்தது. மிஸ் அதை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“குடிங்க சார்.”

அப்பா குடித்தார். டம்ளரை வைத்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கழுத்தில் வேர்த்து வெள்ளைக் காலர் நனைந்தது. மடியில் கிடந்த குடையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் கேட்கப் பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. கேட்க முடியாது என்பதும் தெரிந்தது. அந்த அட்டவணையில் அவர் எதைப் பார்க்கிறார் என்று படித்துச் சொல்ல அம்மா இங்கே இல்லை.

அவள் எழுந்து நின்றாள்.

“எனக்குத் திரும்பச் சேரணும் மிஸ். சேத்துக்கோங்க. கேட்டுக்கிறேன்.”

தன் குரல் அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் முகம் மெல்ல மாறியது.

“மாடிப்படி,” என்றார். “நீதானே? வரேன்னு தலையாட்டின.”

“ஆமா மிஸ்.”

“உன் வயசுக்கு ஒன்பதாம் கிளாஸ்ல உக்கார வைக்க இப்ப சட்டத்துல இடமில்லம்மா. வீட்ல இருந்து படிச்சுப் பரீட்சை எழுதலாம். கஷ்டம்தான். அப்ளிகேஷன் பாரம் வாங்கித் தரேன்.” மிஸ் அப்பா பக்கம் திரும்பினார். அதில் கோபம் இல்லை, புரியாமைதான் இருந்தது. “அந்த வருஷம் முழுக்க இவ பேர நான் அடிக்கவே இல்ல சார். வந்துடுவா, வந்துடுவான்னு இடத்த காலியாவே வெச்சிருந்தேன். அடுத்த வருஷங்கூட சேத்திருப்பேன். யாராவது ஒருத்தர் வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதுமே. ஏன் சார் யாருமே வந்து கேக்கல?”

வெளியே மணி அடித்தது. வராந்தாவில் பெண்கள் திபுதிபுவென்று ஓடுகிற சத்தம் கேட்டது, யாரோ சிரித்தார்கள், யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்பா அந்தச் சத்தம் முழுக்க ஓயும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு நாற்காலிக் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார். மடியிலிருந்த குடை தரையில் விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை, மிஸ்ஸையும் பார்க்கவில்லை. ஒருக்களித்திருந்த கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.